குடித்துவிட்டு ஓட்டிய 185 வழக்கு: ஒப்புக்கொண்டு கட்டுவதா, நின்று நடத்துவதா?

ராத்திரி செக்கிங்கில் ஊதச் சொல்லி, மிஷின் ஒரு எண்ணைக் காட்டி, வண்டியை ஓரங்கட்டியாகிவிட்டது. மறுநாள் காலையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பத்தாயிரத்தைக் கட்டிட்டு வண்டியை எடுத்துடலாமா, இல்லை வக்கீலைப் பார்க்கணுமா?" பக்கத்தில் இருப்பவர் மூன்றாவதாக ஒரு வழி சொல்வார்: "விடுப்பா, சம்மன் வந்தா பார்த்துக்கலாம்."

மூன்று வழிகளையும் எடைபோடும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். இது ஹெல்மெட் அபராதம் மாதிரி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 200ஆம் பிரிவு சில குற்றங்களைச் சாலையிலேயே பணம் வாங்கி முடித்துக்கொள்ள இடம் தருகிறது. ஹெல்மெட், சீட் பெல்ட், அதிவேகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் 185ஆம் பிரிவு அதில் இல்லை. அதனால் இந்த வழக்கை முடிக்கும் அதிகாரம் நடுவர் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். நீங்கள் கட்டும் 10,000 ரூபாய், குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு கட்டும் பணம். கையில் கிடைக்கும் ரசீது ஒரு தண்டனைத் தீர்ப்பின் ரசீது.

## எதை வைத்து முடிவெடுப்பது

பணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்குப் போகும் நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் வழக்கு நடத்துவதன் செலவு அபராதத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். பார்க்க வேண்டியவை வேறு: மிஷின் காட்டிய எண், அந்த எண்ணைத் தாங்கும் காகிதங்கள், இது முதல் தடவையா என்பது, உங்கள் பிழைப்பு லைசென்ஸை நம்பியிருக்கிறதா என்பது, யாருக்காவது அடிபட்டதா என்பது.

எண். சட்டம் சொல்லும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால்தான் குற்றம். சரியாக 30 என்றால் குற்றமில்லை. மிஷினுக்கு மிஷின் அலகு மாறும். 30 என்று காட்டுவதும், 0.030 சதவீதம் என்று காட்டுவதும், மூச்சுக்காற்று அளவில் லிட்டருக்கு 0.14 மில்லிகிராம் என்று காட்டுவதும் ஒன்றுதான்.

முதலில் உங்களையே விசாரித்துக்கொள்ளுங்கள். குடித்த அளவும் மிஷின் தந்த சீட்டில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா? நம் ஊர் பிராந்தி, விஸ்கி 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 61 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் 120, 130 வரை ஏற்றும். பாதி அடித்த கட்டிங் 60ஐ ஒட்டி நிற்கும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 என்ற கணக்கில்தான் இறக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் எண் இன்னும் மேலே போகும். சாப்பாட்டோடு குடித்தால் கொஞ்சம் குறையும். முந்தைய இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஆஃப் பாட்டில் முடித்தவருக்கு, காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிளம்பும்போதும் 30க்கு மேல் இருக்கக்கூடும். "நேத்துதானே குடிச்சேன், எப்படிக் காட்டும்?" என்று வழக்கு நடத்தக் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

காகிதம். மிஷினிலிருந்து வரும் சின்னச் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மிஷினின் வரிசை எண், சோதனை எண், தேதி, நேரம், உங்கள் பெயர், வண்டி எண், கையெழுத்து இருக்கின்றனவா? நேரமும் இடமும் வழக்கில் சொல்வதோடு ஒத்துப்போகின்றனவா? அதைவிட முக்கியமானது வெற்றுக்காற்றுச் சோதனை. நீங்கள் ஊதும் முன் மிஷின் சுற்றுக்காற்றை இழுத்து 0 என்று காட்ட வேண்டும். அங்கே 0 இல்லாமல் வேறு எண் இருந்தால், முந்தைய ஆளின் மிச்சமோ கைகழுவும் சானிட்டைசர் ஆவியோ உள்ளே இருக்கிறது. அதன் பிறகு வந்த எண்ணை நம்புவதற்கில்லை. ஊதுகுழல் உங்கள் கண்முன் புதிதாக மாற்றப்பட்டதா என்பதும் இதே காரணத்தால் முக்கியம்.

அடுத்தது வாய் ஆல்கஹால். மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள், ஹோமியோபதிச் சொட்டு மருந்து, அரிஷ்டம் இவற்றை வாயில் விட்ட சில நிமிடங்களில் ஊதினால் எண் தாறுமாறாக ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் கீழே விழுந்துவிடும். ரத்தத்தில் உண்மையாகவே இருந்தால் அப்படி விழாது. கைதான ஆளுக்கு ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. அந்த இரண்டாவது சோதனையைக் கேட்டு வாங்கியவருக்கும் கேட்காமல் விட்டவருக்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சர்க்கரை நோய் இருப்பதால் எண் ஏறியது என்ற வாதம் பொதுவாக எடுபடாது. சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரக்கூடிய அசிட்டோனை இப்போதைய ஃப்யூயல் செல் மிஷின்கள் ஆல்கஹாலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ரத்தம் எடுத்திருந்தால் பார்க்க வேண்டியவை வேறு. ஊசி போடும் இடத்தைச் சாராய ஸ்பிரிட்டால் துடைத்திருக்கக் கூடாது. குப்பியில் சோடியம் ஃப்ளூரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்க வேண்டும். சாம்பல் நிற மூடிக் குப்பியில் இவை இருக்கும். ஃப்ளூரைடு இல்லாமல் வெயிலில் கிடந்த ரத்தத்தில் நுண்ணுயிர்களே ஆல்கஹாலை உண்டாக்கிவிடும். முத்திரை, குளிர்பதனம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, இவற்றில் ஒன்று அறுந்தாலும் தடய அறிவியல் துறை அறிக்கை வலுவிழக்கும்.

டாக்டர் சான்றிதழ் மட்டும் இருக்கிறது, எண்ணே இல்லை என்றால் நிலைமை உங்கள் பக்கம். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்ற வாசகம் அரசு மருத்துவமனைச் சான்றிதழ்களில் பழக்கமானது. வாசனை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே, பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் மிஷின் எண் 30ஐத் தாண்டியிருந்தால், "போதையில் இல்லை" என்ற அதே வாசகம் உங்களைக் காப்பாற்றாது. 185ஆம் பிரிவு மதுவைப் பொறுத்தவரை அளவைத்தான் கேட்கிறது, நிதானத்தைக் கேட்பதில்லை.

## வழி 1: ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது

2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தொகைகள் 2022 அக்டோபர் முதல் வசூலாகின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல் தடவைக்காரருக்குப் பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிறது. ஒரே நாளில் வேலை தீரும், வண்டி திரும்பக் கிடைக்கும், மன உளைச்சல் விடும். எண் 90, 120 என்று இருந்து, சீட்டும் ஒழுங்காக இருந்து, குடித்ததும் உண்மை என்றால் இதுதான் நேர்மையான வழி, பெரும்பாலும் புத்திசாலித்தனமான வழியும் இதுதான்.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகளைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

முதலாவது, லைசென்ஸ். 185இல் தண்டனை கொடுக்கும் நீதிமன்றம் குறைந்தது 6 மாதத்துக்கு ஓட்டுநர் தகுதியை நிறுத்த வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. இதற்குத் தனியாக, போலீஸ் உங்கள் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், அவர் 19ஆம் பிரிவின் கீழ் முதல் தடவைக்கு 3 மாதம் நிறுத்திவைக்கலாம். மறுதடவை என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம். நீதிமன்றத்தில் பணம் கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஆர்.டி.ஓ. நோட்டீஸைக் குப்பையில் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அந்த நோட்டீஸ் உங்கள் தரப்பைச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு. உத்தரவு வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு. நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182ஆம் பிரிவில் இன்னொரு 10,000 ரூபாயோ 3 மாதம் வரை சிறையோ காத்திருக்கிறது.

இரண்டாவது, இந்தத் தண்டனைக்குக் காலாவதி கிடையாது. 2019க்கு முன் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி பிடிபட்டால்தான் இரண்டாவது குற்றமாகக் கணக்கு. திருத்தம் அந்த மூன்றாண்டு வரம்பை எடுத்துவிட்டது. இன்று ஒப்புக்கொண்டால், பத்து வருடம் கழித்துப் பிடிபட்டாலும் அது இரண்டாவது குற்றம்: 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மூன்றாவது, திரும்பிப் போக வழி குறைவு. ஒப்புக்கொண்ட பிறகு தண்டனையின் அளவைப் பற்றித்தான் மேல்முறையீடு செய்யலாம்; குற்றமே செய்யவில்லை என்று வாதாட முடியாது. அரசு வேலை விண்ணப்பங்களில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும். அமெரிக்க விசா விண்ணப்பம் கைதானதையும் சேர்த்தே கேட்கிறது. குடித்து ஓட்டியதற்காகக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கைதானவர் கையில் உள்ள விசாவையே அவர்கள் ரத்து செய்ய முடியும். ஆக, முறைப்படி கைதாகியிருந்தால் வழக்கில் ஜெயித்தாலும் விசா சிக்கல் முழுதாகத் தீராது.

## வழி 2: குற்றத்தை மறுத்து வழக்கு நடத்துவது

நடுவர் குற்றச்சாட்டைப் படித்துக் கேட்கும்போது, "குற்றம் செய்யவில்லை, விசாரணை கோருகிறேன்" என்று சொல்வதில் இது தொடங்குகிறது. வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்ற அவசரத்தில் தலையாட்டிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

அடுத்து ஆவணங்கள். போலீஸ் தாக்கல் செய்த ஆவணங்களின் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் மூன்றை மனு போட்டுக் கேளுங்கள்: அந்த வரிசை எண் கொண்ட மிஷினின் அளவுத்திருத்தச் சான்றிதழ் (மிஷின் சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தந்த சான்று), மிஷின் நினைவகத்தில் உள்ள அன்றிரவுப் பதிவு, கைது செய்திருந்தால் கைதுக் குறிப்பும் மருத்துவப் பரிசோதனைப் பதிவும். நினைவகப் பதிவு பெரிய சாட்சி. உங்களுக்கு முன்னும் பின்னும் ஊதியவர்களின் எண்களும் வெற்றுக்காற்று அளவுகளும் அதில் வரிசையாகத் தெரியும். சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் நல்ல பிடிதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தேதி கடந்த மிஷின் தவறாகத்தான் காட்டியிருக்கும் என்று பொருளில்லை. எண் 35 என்றால் அந்தச் சந்தேகம் உங்களுக்கு உதவும், 140 என்றால் உதவாது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விதி ஒன்று. 185இல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. இதை வைத்து, "ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு, கேஸ் நிக்காது" என்று ஸ்டேஷன் வாசலில் உறுதி கொடுப்பார்கள். சட்டம் சொல்வது காவலிலிருந்து விடுவிப்பதைத்தான். வழக்கு அதனாலேயே செத்துவிடாது. தாமதத்தை வைத்து ஆதாரத்தைத் தாக்கலாம், அவ்வளவே. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால், கைதானாலும் ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? எண் 31 முதல் 40 வரை நின்றவர்கள். வெற்றுக்காற்று 0 இல்லாத சீட்டு வைத்திருப்பவர்கள். மருந்து சாப்பிட்டு இரண்டாவது சோதனை கேட்டு மறுக்கப்பட்டவர்கள். எண்ணே இல்லாமல் சான்றிதழ் மட்டும் உள்ளவர்கள். இவர்களைத் தவிர, வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள். ஆட்டோ, லாரி, கால் டாக்ஸி ஓட்டுநருக்கு ஆறு மாதம் லைசென்ஸ் போவது குடும்பமே ஆறு மாதம் பட்டினி கிடப்பது. அவர்கள் காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளவே கூடாது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வக்கீல் பெறலாம்.

பின்னால் உட்கார்ந்து வந்தவரின் வழக்கும் இங்கேதான் சேரும். 188ஆம் பிரிவு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போலீஸ் இதைக் கூட வருபவர்கள் மேலும் போடத் தொடங்கியது. உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். வெறுமனே பின்சீட்டில் இருந்தவருக்கு நடத்துவதற்கு நல்ல வழக்கு உண்டு. குடித்தவர் கையில் தானே சாவியைக் கொடுத்த வண்டிக்காரருக்கு இல்லை.

## வழி 3: கிடப்பில் போடுவது

இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. 6 மாதச் சிறைக்கு உரிய குற்றம் என்பதால் நீதிமன்றம் இதை விசாரணைக்கு எடுக்க ஓராண்டு காலவரம்பு உண்டு; அது கழிந்தால் தப்பலாம் என்பதுதான் நம்பிக்கை. போலீஸ் பெரும்பாலும் அதற்கு வெகுமுன்பே தாக்கல் செய்துவிடும். பிறகு சம்மன், வாரன்ட். இ-சலான் நிலுவையில் நிற்கும்வரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம், தடையின்மைச் சான்று எல்லாம் சிக்கும். இதற்கிடையே வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். பேட்டரி செத்து, டயர் வெடிப்பு விட்டு, சீட் கிழிந்த வண்டிக்கு ஆகும் செலவும் அபராதத்தோடு சேரும். எந்தச் சூழலிலும் இது நல்ல தேர்வு இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒப்புக்கொள்வது | நடத்துவது | கிடப்பில் போடுவது |
|---|---|---|---|
| உடனடிச் செலவு | 10,000 ரூபாய் | வக்கீல் ஃபீஸ், வாய்தா நாட்கள் | இல்லை |
| முடியும் காலம் | பெரும்பாலும் ஒரே நாள் | மாதங்கள் | முடிவதில்லை |
| தண்டனைப் பதிவு | நிச்சயம் | தோற்றால் உண்டு | வாரன்ட்டோடு வரும் |
| லைசென்ஸ் | நிறுத்தம் வரும் | ஜெயித்தால் நீதிமன்ற நிறுத்தம் இல்லை, ஆர்.டி.ஓ. விசாரணை தனி | இரண்டு பக்கமும் ஆபத்து |
| மேல்முறையீடு | தண்டனை அளவுக்கு மட்டும் | முழுமையாக உண்டு | பொருந்தாது |
| எண் 80க்கு மேல், சீட்டு சரி | பொருத்தம் | வீண் | தவறு |
| எண் 40க்குள், சீட்டில் குறை | அவசரம் | பொருத்தம் | தவறு |

## ஊத மறுத்தவர்கள்

மறுத்தால் ஆதாரமே இருக்காது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டவர்களுக்குக் கணக்கு மாறும். மறுப்பதற்காகவே வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஸ்டேஷனில் ரத்தம் கேட்கலாம். நியாயமான காரணம் சொல்லாத மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சிக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205ஆம் பிரிவு. கடும் ஆஸ்துமா, நெஞ்சில் அண்மையில் செய்த அறுவை சிகிச்சை போன்றவை நியாயமான காரணங்கள். மருத்துவப் பதிவோடு சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் ரத்தம் கொடுக்கத் தயார் என்று அங்கேயே சொல்லி, எழுதியும் கொடுத்திருந்தால், வழி 2இல் அவருக்கு நல்ல இடம் உண்டு. வெறுமனே மறுத்தவர் 185இல் தப்பினாலும் இன்ஷூரன்ஸில் தப்புவதில்லை. 2007இல் டெல்லியில் விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே கார் வழக்கில் மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. ஆனாலும் போதையில் ஓட்டியதை மற்றச் சூழ்நிலைகளிலிருந்து நிறுவி, அந்தக் காருக்கான சேத இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

## அடிபட்டவர் இருந்தால்

யாருக்காவது காயம் பட்டிருந்தால் மேலே உள்ள அட்டவணை பொருந்தாது. அங்கே 185 மட்டும் தனியாக நிற்பதில்லை, காயத்துக்கான குற்றப் பிரிவுகளும் கூடவே வரும். உயிர் போயிருந்தால் பல ஆண்டுச் சிறைக்கான பிரிவுகளும் சேரும். 185ஐ மட்டும் சின்ன விஷயமாக நினைத்து ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகும். 150ஆம் பிரிவு இப்போது குடித்து ஓட்டியதை இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எதிர்வாதங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும்படி உத்தரவாகலாம். தொகை லட்சங்களில் நிற்கும். அடிபட்டவருக்கு உடனே சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள், வக்கீலைப் பார்க்காமல் எதிலும் ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.

## வண்டியும் கடைசிக் காகிதங்களும்

வண்டி எடுக்கும் அவசரத்தில்தான் பலர் வழி 1க்குத் தள்ளப்படுகிறார்கள். தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில், குடித்து ஓட்டியதற்காக வண்டியைப் பிடித்துவைக்கப் போலீஸுக்கு அதிகாரமில்லை, குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஆள் வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனால் மனுவில் எடுத்துக்காட்டலாம். அன்றிரவே லைசென்ஸோடு ஒரு உறவினரை வரவழைத்து ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகலைக் காட்டிக் கேட்பது முதல் படி. கொடுக்கவில்லை என்றால் வண்டியின் நான்கு பக்கமும், மீட்டர் அளவும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் முடிந்தாலும் மூன்று காகிதங்களை வாங்காமல் நீதிமன்றத்தை விட்டு வராதீர்கள்: அபராத ரசீது அல்லது விடுதலை உத்தரவு, தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்குப் போட்ட மனுவின் எண், லைசென்ஸ் கைப்பற்றியதற்குப் போலீஸ் கொடுத்த ஒப்புகைச் சீட்டின் நகல். இரண்டு வாரம் கழித்து பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சலான் இன்னும் நிலுவை என்று காட்டினால் ரசீதோடு அந்தப் போக்குவரத்து ஸ்டேஷனுக்கே போய் நீக்கச் சொல்லுங்கள்.